டயருக்கு வைத்த பொட்டு

எங்கள் காரின் டயருக்குப் பொட்டு வைத்தவள் நான். அந்தப் பொட்டு மட்டும் இல்லாமல் போயிருந்தால், எந்த டயர் சரி என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இன்று வரைக்கும் வாய்ச்சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். நான் தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அவர் ஜெயித்ததைச் சொல்லிக்காட்டாமல் இருக்கிற ஆளும் இல்லை.

கார் என்றதும் நீங்கள் நினைக்கிற கார் இல்லை. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கூரை கிடையாது; மழை வந்தால் ஒரு துணியை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிளுக்கு இருப்பது போல வீலில் கம்பிகள். உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் ரோட்டைத் தொடலாம். வேலூர்ப் பக்கம் ஒரு பங்களாவின் பின்கட்டில் கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்குக்கூட மனிதர் நன்றாகச் சாப்பிட்டாராம். மாமியாரே சொல்லியிருக்கிறார்.

அவர் கூட்டுறவு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனர் பிடித்த கை இல்லை. செல்போனில் வெள்ளைக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டார். மலைமேல் ஜமுனாமரத்தூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வாங்கி வந்த காரை அதற்குள் விட்டு, தானும் உள்ளே போய்விட்டார். நான் டீ கொண்டுபோனால் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும். டம்ளரை அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன்.

"ரெண்டு சீட்டு தானே கீது. எங்க அக்கா வந்தா எங்க குந்துவா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு. வேற யாரு வோணும்?" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

வேறொரு சமயமாக இருந்தால் அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பேன். அன்றைக்குக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் வந்துவிட்டேன். நான் அப்போது மலையிலிருந்து இறங்குவதையே விட்டிருந்தேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது போளூர்ப் பக்கத்தில் ஓர் அடிவார ஊர். அக்காவைக் கட்டிக்கொடுத்தது போளூரில். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக மலைக்கு வந்தேன். சனிக்கிழமை பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு இறங்குவதும் மறுநாள் ஏறுவதும் வருஷக்கணக்காக நடந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவின் மகள்தான் எங்கள் இருவருக்கும் மகள். அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான், அதற்காக அவளிடம் திட்டு வாங்கியதும் நான்.

ஒரு மழைநாளில் நான் போன பஸ் வளைவில் வழுக்கியது. முன்பக்கம் ரோட்டோடு திரும்பியது, பின்பக்கம் மட்டும் தன் இஷ்டத்துக்குப் போய் ஓரச் சுவரில் இடித்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவல, குந்துங்க" என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். கீழே ரோடு இல்லை. மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. நான் பூனையைவிடக் கொஞ்சம் பிடிவாதக்காரி, அதனால் சில மாதம் போனேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை அழுத்தியபடி இறங்குவேன். போளூர் வருவதற்குள் என் குங்குமம் பாதி கம்பியிலும் பாதி நெற்றியிலுமாக ஈஷியிருக்கும். அக்கா வாசலிலேயே பார்த்துவிடுவாள். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டாள். முந்தானை நுனியால் என் நெற்றியைத் துடைத்து, தன் சிமிழிலிருந்து புதுப்பொட்டு வைப்பாள். "இன்னாடி, பஸ்ஸுக்கும் பொட்டு வெச்சுட்டு வர்றியா?" என்பாள். இருவரும் சிரிப்போம்.

பிறகு ஒரு வாரம் பரீட்சைத்தாள் என்று நின்றது. இன்னொரு வாரம் மழை என்று நின்றது. கடைசியில் எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் வந்தது. அவர் ஏறினார், எனக்குக் கால் எழும்பவில்லை. அவர் மட்டும் சீர்த்தட்டோடு போய்விட்டு வந்தார். அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"உனுக்கு மலை பெருசா, நானு பெருசா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவள் இல்லை நான். வாயில்தான் வரவில்லை. கார்த்திகையில் கல்யாணம். அதற்கு வருவேனா என்று அக்காவும் கேட்கவில்லை, வருவேன் என்று நானும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன்.

அந்த வாரத்தில்தான் கார் உயிர் பெற்றுக் கொட்டகைக்குள் உறுமியது. இனி டயர்தான் பாக்கி என்றார். இருந்த நான்கும் பித்தவெடிப்பு கண்ட குதிகால் மாதிரி இருந்தன. நான் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எனக்கே தெரியாமல் சொன்னேன். "டயரு நல்லதா போடுங்க. வழுக்காதுன்னு எனுக்குத் தெரிஞ்சா, கல்யாணத்துக்கு இந்த வண்டியிலயே வர்றேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மறுநாள் காலை வீல்களோடு முதல் பஸ் பிடித்து இறங்கி, போளூர் டயர் கடையில் இருந்தார்.

அங்கிருந்து வீடியோ கால் வந்தது. கடைக்காரர் சிரித்த முகம். "டீச்சரம்மா, இன்னா டயருன்னு நீங்களே சொல்லிடுங்க. சாரு ஒல்லி டயரு கேக்கறாரு." என் வீட்டுக்காரருக்கு வேண்டியது நூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம் என்கிற அளவு. அந்தக் காருக்குப் பிறக்கும்போதே அந்த அளவுதானாம். கடைக்காரர் போனைத் திருப்பிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கிற சின்னக் காரின் டயர் அது. மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு வருமே, அந்தக் காரினுடையது. பக்கத்திலேயே நூற்று எழுபத்தைந்து நின்றது. அகலமாக, கறுப்பாக, பார்த்தாலே ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் போலிருந்தது.

"அகலந்தான் வோணும்" என்றேன்.

"வெரலுக்கு ஏத்த வீக்கம் தாம்மா வோணும்" என்றது போனுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல். "வண்டி எடையே இல்ல. அகலமாப் போட்டா மழைத்தண்ணி மேல பலக மாதிரி மெதக்கும். ஒல்லியா இருந்தாத்தான் தண்ணிய வெட்டிக்கினு போயி தரைய அழுத்தும்."

"பஸ்ஸு வழுக்குனப்போ உள்ள குந்தினு இருந்தது நானு. நீங்க இல்ல."

"அவ சொல்றதையே குடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். பயந்தவளோடு தர்க்கம் செய்து பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கோ, கணக்கு டீச்சர் ஆயிற்றே, அகலம் அதிகமானால் பிடியும் அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் நான் சரியாக இருந்தேன். டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கவாட்டில் நான்கு எண்ணாக அச்சடித்திருக்கும், முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம் என்பது, அடுத்த இரண்டு எண் எந்த வருஷம் என்பது. அவர் வீடியோக்களை ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றது. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்ததைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். "இன்னாங்க இது, ஒண்ணாங்கிளாஸ் சேக்கற வயசாவுதே. ஸ்டெப்னியோட கைக்கொழந்தையா அஞ்சு எடுங்க" என்றேன். கடையே சிரித்தது. கைக்குழந்தை ஐந்து வந்தது, அகலத்திலேயே. கம்பி வீலில் காற்று நிற்காது என்பதால் உள்ளே ட்யூபும் போட்டுத் தந்தார்கள்.

டயர் மாட்டிய பிறகு வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டெப்னி மட்டும் அதன் குழியில் அடங்காமல் டிக்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்டீயரிங் திருப்ப அவர் செக்கு இழுப்பது போல இழுத்தார். நான் இரண்டையும் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஒருநாள் சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீ இன்னா வெயிட்டு இருப்பே?"

"இன்னாத்துக்கு?"

"வண்டிய ஓட்டிப் பாக்கணும். நீ வர்றதுக்கு முன்னாடி உன் சீட்ல அதே வெயிட்டு வெச்சு ஓட்டுனா தெரிஞ்சிடும்."

நான் ஒரு எண் சொன்னேன். அது என் எடைதான், கல்யாணமான புதிதில். அவர் தலையாட்டிவிட்டுப் போய், சாமை மூட்டையைக் கொஞ்சம் கொட்டிக் குறைத்து, எடைபோட்டு, என் சீட்டில் உட்கார வைத்தார். பெல்ட்கூடப் போட்டுவிட்டார். எனக்கே மரியாதை செய்தது போல இருந்தது. சாமை மூட்டை அவரோடு மலை ரோட்டில் போய்விட்டு வந்தது. ஒரு சத்தமும் இல்லை, எல்லாம் சரி என்றார்.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நான்கை டயர்களுக்கு அடியில் வைத்தார். சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்து நான் பொட்டு வைத்தேன். பயந்த மனசு அல்லவா, சாமிக்கு வைப்பதைவிட டயருக்குத் தாராளமாக வைத்தேன். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் தோள் வரைக்கும் சுற்றிச் சுற்றி வரிசையாக. டயர் எந்தப் பக்கம் உருண்டாலும் என் பொட்டு கூடவே வரட்டும் என்று ஒரு எண்ணம். பழம் நசுங்கியது. பொரியை மடியில் கட்டிக்கொண்டு முதல் தடவையாக அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன்.

இறக்கம் தொடங்குகிற இடம் வரைக்கும் போய்த் திரும்புவது என்று பேச்சு. நேர் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது, பிடித்தும் இருந்தது. முதல் வளைவு வலது பக்கம் திரும்பியது. வண்டி என் பக்கம் லேசாகச் சாய்ந்தது. என் முதுகுக்குப் பின்னால் "சர்ர்ர்" என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் தீய்ந்த வாசனை. நான் போட்ட கூச்சலில் பொரி எல்லாம் ரோட்டில். அவர் ஓரமாக நிறுத்தினார். இறங்கியவள் காரைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

"இங்க வா, இங்க வந்து பாரேன்" என்று கத்தினார்.

போனேன். என் பக்கத்துப் பின் டயரில் தோள் ஓரத்துப் பொட்டு ஒன்றுகூட இல்லை. மட்கார்டின் உள்விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். விரல் சிவப்பாக வந்தது. சந்தனமும் குங்குமமும் ஈஷி, விளிம்பு முழுக்க என் பொட்டு. அவர் பக்கத்து டயரில் பொட்டெல்லாம் அப்படியே இருந்தது.

பஸ் கம்பியில் நான் விட்டு வந்த அதே ஈஷல். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. டயர் வழுக்கவில்லை. அகலம் அதிகமாகி, வளைவில் என் எடையும் சேர்ந்து வண்டி தாழ்ந்ததும் தகரத்தில் உரசியிருக்கிறது. நான் பிடிக்கும் என்று நினைத்து வாங்கிய அகலம் ரோட்டைப் பிடிக்காமல் காரைப் பிடித்திருக்கிறது.

அவர் தலையைச் சொறிந்தார். "மூட்ட வெச்சு ஓட்டுனப்போ ஒரசலியே. நீ சொன்ன வெயிட்டு தானே வெச்சேன்."

நான் மலையைப் பார்த்தேன். மரத்தைப் பார்த்தேன். கடைசியில் உண்மை எடையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது உதட்டில் தெரிந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் பெல்ட் போட்டுக்கொண்டு ஊர்கோலம் போன அந்தச் சாமை மூட்டை நினைவுக்கு வந்தது. நடுரோட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மாட்டோடு வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, மாட்டைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிக்கொண்டு போனார்.

அகல டயர்களைக் கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டே திருப்பி எடுத்துக்கொண்டார். ஒல்லி டயர் வந்தது. அந்தக் காருக்குத்தான் செய்தது போல மட்கார்டுக்குள் அடங்கியது. ஸ்டெப்னியும் குழிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம், என் வீட்டுக்காரரும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தார். இந்த முறை சாமை மூட்டையை நானே நிரப்பினேன், ஒரு பிடி கூடவே போட்டேன். முதல் ஓட்டத்தில் மூட்டை சீட்டில் குதித்துக் குதித்து வந்ததாம். குண்டும் குழியும் இல்லாத இடத்திலும் வண்டி தவளை போலத் தத்தியதாம். "ஒல்லி டயரு தானே சரின்னீங்க?" என்று நான் ஆரம்பித்தேன். அவர் முகம் சிறுத்துப் போனது. இரண்டு நாள் வீடியோவும் கையுமாக இருந்தார். பிறகுதான் தெரிந்தது: கடையில் எல்லாக் காருக்கும் அடிக்கிற அளவுக்கே இதற்கும் காற்று அடித்து அனுப்பியிருக்கிறார்கள், இவரும் சரி என்று வந்துவிட்டார். இந்த வண்டியோ பாதி எடை. காற்றைக் கொஞ்சம் இறக்கியதும் டயர் ரோட்டில் அமர்ந்தது. ஆக இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தப்பு. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறகு மழை பெய்கிற நாளாகப் பார்த்து மூட்டையோடு கிளம்புவார். நான் ஸ்கூலில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே, இப்போது எந்த வளைவில் இருப்பார் என்று யோசிப்பேன். சாயங்காலம் வந்து, "ஒரு எடத்துல கூட நவுரல" என்பார். ஒரு நாளும் "நீ எப்ப வர்றே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருக்கமாட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். டயர்களுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். சீட்டிலிருந்த மூட்டையை அவர் இறக்கி வைத்தார். நான் உட்கார்ந்தேன். அந்தக் காரில் என் முன்னால் நெற்றியை அழுத்திக்கொள்ளக் கம்பி கிடையாது. கண்ணாடியும் ரோடும்தான்.

முதல் வளைவில் கண் தானாக மூடிக்கொண்டது. இரண்டாவதிலும் மூடினேன். காதை மட்டும் பின்பக்கம் வைத்திருந்தேன், சத்தம் எதுவும் வரவில்லை. மூன்றாவதில் ஒரு கண்ணைத் திறந்தேன். ஈர ரோட்டில் எதிரே வந்த பஸ்ஸுக்கு அவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். துணிக்கூரை ஒழுகி என் மடியில் சொட்டியது, அதைத் துடைப்பதில் இன்னொரு கண்ணும் திறந்துவிட்டது.

பஸ் இடித்த இடம் வந்தது. சுவரில் புது சிமென்ட் பூசியிருந்தார்கள். "நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். தூறலில் இறங்கிப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். மட்கார்டின் விளிம்பில் விரலை ஓட்டினேன். விரலில் சேறு மட்டும் வந்தது. பிறகு சுவரோரம் போய் நின்று கீழே பார்த்தேன். அதே மரங்களின் உச்சிகள், மழையில் நனைந்துகொண்டிருந்தன. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, "போலாங்க" என்றேன். அதற்குப் பிறகு கண்ணை மூடவில்லை.

போளூரில் அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டியிருந்தார்கள். சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். அவள் எதிர்பார்த்தது அவரை மட்டும்தான். காருக்குள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இத்துனூண்டு வண்டியிலயாடி மலைய எறங்குனே?"

தரையோடு தரையாக இருக்கிற அந்தக் காரிலிருந்து நான் எழுந்து வருவதே பெரிய பாடு. அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் நிமிர்ந்து நிற்பதற்குள் அக்கா வந்துவிட்டாள். பழக்கதோஷத்தில் முந்தானை நுனி அவள் கைக்கு வந்திருந்தது. என் நெற்றியை நோக்கிக் கையைக் கொண்டுவந்தவள் பாதியில் நிறுத்தினாள். காலையில் வைத்த பொட்டு, வைத்த இடத்தில் வட்டமாக அப்படியே இருந்தது.

"நீதாங்க்கா பெருசு" என்றேன்.

எடுத்த முந்தானைக்கு என் நெற்றியில் வேலை இல்லாததால், அக்கா அதைக்கொண்டு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.